ஒறம்பரை முன்னால கேட்ட வருமானம்

பத்து நிமிசம் பேசினாப் போதும்னு சொல்லித்தான் என்னைக் கூட்டிட்டு வந்தாங்க. அதுக்கு மேல நிக்கவும் என்னால ஆகாது, முழங்கால் ரெண்டும் போயாச்சு. உக்காந்துட்டே பேசறேன், தப்பா நெனைக்காதீங்க. புதுசா கிராம நிர்வாக அலுவலரா வந்திருக்கிற உங்களுக்குப் பட்டா, அடங்கல், பயிராய்வு எல்லாம் வகுப்புலயே சொல்லிக் கொடுத்துருவாங்க. அதையெல்லாம் திரும்பப் பேச எனக்குத் தெம்பு இல்லீங்க. வருமானச் சான்று ஒண்ணைப் பத்தித்தான் நான் பேசப் போறேன். அதுலயும் மருத்துவக் காப்பீட்டுக்குன்னு கேட்டு வர்றாங்களே, அந்த வருமானச் சான்று.

இதுல பேசறதுக்கு என்ன இருக்குன்னு தோணும். எனக்கும் தோணுச்சு, வருசக்கணக்கா. மனு ஆன்லைன்ல வருது, நம்ம லாகின்ல விழுது, ஒரு விசாரணை, ஒரு பரிந்துரை, அடுத்த மனு. ஸ்காலர்ஷிப்புக்குக் கேக்கறவங்க, கடனுக்குக் கேக்கறவங்க, காப்பீட்டுக்குக் கேக்கறவங்க, எல்லாம் நமக்கு ஒரே வரிசைதான். ஆனா காப்பீட்டுக்குக் கேக்கறவங்க வீட்டுல பெரும்பாலும் யாரோ ஒருத்தர் படுத்திருக்காங்க, இல்லை படுக்கப் போறாங்க. குடும்பத்தோட வருச வருமானம் வரம்புக்குள்ள இருக்குதுன்னு நாம எழுதித் தந்தா, அந்தத் தாளையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ் மையத்துக்குப் போவாங்க. போட்டோ எடுத்து அட்டை கொடுப்பாங்க. அட்டை இருந்தா ஆபரேசனுக்கு அரசாங்கம் பணம் கட்டும். இல்லீன்னா கழுத்துல காதுல இருக்கறது போகும், அப்பறம் வீட்டுல இருக்கறது போகும். நடுவுல நிக்கறது நாமதான்.

அந்த வரம்பைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை. சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். திருப்பூர்ல வேலை இருக்கிற மாசத்துச் சம்பளத்தைப் பன்னெண்டால பெருக்கினா ஒரு டைலரும் வரம்புக்குள்ள வர மாட்டாரு. வேலை இல்லாத மாசத்தைப் பெருக்கினா ஊரே வந்துரும். வருசத்துல எத்தனை மாசம் ஆர்டரு இருந்துச்சு, வந்த காசுல வாடகை போக, கரண்டு பில்லு போக, நூலு போக என்ன மிஞ்சுச்சுன்னு யாரும் உங்களுக்கு எழுதிக் கொண்டுவந்து நீட்ட மாட்டாங்க. நீங்கதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். அந்தக் கேக்கறதுலதான் நான் சறுக்கினேன்.

அதைச் சொல்றதுக்கு முன்னாடி எனக்கு ஏன் அப்படி ஒரு புத்தி வந்துச்சுன்னு சொல்லிடறேன். பெருமாநல்லூர் பக்கம் ஒரு கிராமத்துல இருந்தேன். ஒரு பெரியவர் வந்தாரு. அழுக்கு வேட்டி, தோள்ல ஈரிழைத் துண்டு, பேச்சுக்குப் பேச்சு "ஆமாங்க", "இல்லீங்க". "தோட்டத்துல தென்னை எல்லாம் கருகிப் போச்சுங்க அம்மிணி, வருமானம்னு என்னத்தைங்க சொல்றது"ன்னு கண்ணைத் துடைச்சாரு. எனக்கும் மனசு எளகிருச்சு, எழுதிக் கொடுத்துட்டேன். அவருக்கு இருபது லைன் வீடு வாடகைக்கு ஓடறது எனக்குத் தெரியாது. பக்கத்துத் தோட்டத்துக்காரரு என் மேல புகார் மனுப் போட்டாரு. விசாரணை வந்துச்சு, மெமோ வந்துச்சு, ஒரு வருச இன்கிரிமென்ட் போச்சு. வயசுல சின்னவங்க எல்லாம் பாக்கத் தாலுகா ஆபீஸ் வராண்டாவுல அரை நாள் நின்னேன்.

அன்னையிலிருந்து எனக்கு மனுப் போட்டவங்க எல்லாம் பொய் சொல்றவங்களாத் தெரிய ஆரம்பிச்சாங்க. ஆபீஸ்ல வெச்சுக் கேக்கறதே இல்லை. சொல்லாமக் கொள்ளாம வீட்டுக்கே போயி நின்னு, இருக்கறதை இருக்கற மாதிரி பார்த்துட்டு வர்றதுன்னு வெச்சுக்கிட்டேன். அதுல எனக்கு ஒரு பெருமை வேற. "அந்த அம்மாகிட்ட ஏமாத்த முடியாது"ன்னு ஊருக்குள்ள பேச்சு.

செல்லத்துரை மனு அப்பத்தான் வந்துச்சு.

அவரு தெக்கத்திச் சீமையிலிருந்து பிழைக்க வந்தவரு. பொண்டாட்டி பேரு ஜெயமணி. ஒரே பொண்ணு எஸ்தர், அப்பத்தான் காலேஜு முடிச்சிருந்துச்சு. ரெண்டு பேரும் பத்துப் பதினஞ்சு வருசம் கம்பெனியில தைச்சு, அப்பறம் ஃபைனான்ஸ்ல ரெண்டு தையல் மிஷின் எடுத்து, லைன் வீட்டு முன் ரூமுல போட்டு, பெரிய கம்பெனிங்க வெட்டிக் கொடுக்கற துணியை வாங்கித் தைச்சுக் கொடுத்துட்டு இருந்தாங்க. கம்பெனியில வேலையா இருக்கற வரைக்கும் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வசதி இருந்துச்சு. சொந்தமா மிஷின் போட்ட அன்னைக்கு அது போச்சு. இதெல்லாம் எனக்குப் பின்னாடி தெரிஞ்சது. அன்னைக்குத் தெரிஞ்சது ஒரு மனு நம்பரும், அது நிலுவையில இருக்குதுங்கற செகப்பு எழுத்தும்தான்.

திங்கக்கிழமை தாசில்தார் ரிவ்யூ. நிலுவை இருக்கறவங்களை எந்திரிச்சு நிக்க வெச்சுக் கேப்பாரு. அதனால ஞாயித்துக்கிழமை மத்தியானமே கெளம்பிட்டேன். கூட எங்க கிராம உதவியாளர். என்னைவிடப் பத்து வயசு மூத்தவரு, ஊருல ஒவ்வொரு வீட்டு விசேசமும் தெரிஞ்ச மனுசன். லைன் வீட்டு வாசல்ல நாலஞ்சு ஜோடி நல்ல செருப்பு கெடந்துச்சு. அதைப் பார்த்ததுமே அவரு நின்னுட்டாரு.

"அம்மிணி, ஊட்டுல ஒறம்பரை வந்திருக்காங்க போலிருக்குதுங்க. நாளைக்கு ஒருக்கா வரலாமுங்களா?"

ஒறம்பரைன்னா விருந்தாளிங்க, சொந்தபந்தம். வெளி ஜில்லாப் பிள்ளைங்க தெரிஞ்சுக்குங்க.

"நாளைக்கு ரிவ்யூவுல நீங்க வந்து நிப்பீங்களா?"ன்னு ஒரு எரி எரிஞ்சு விழுந்தேன். பாவம், நல்ல மனுசன்.

உள்ள போனா, மிஷின் ரெண்டையும் தொடைச்சுப் பளிச்சுன்னு வெச்சிருக்காங்க. பிளாஸ்டிக் சேர் போட்டு ஒரு பெரிய மனுசன், வெள்ளைச் சட்டை, வெரல்ல கல் மோதிரம். பக்கத்துல அவரு சம்சாரம், பட்டுச்சேலை. கூட ரெண்டு மூணு பேரு. தட்டுல பழம், பூ, மிச்சர். எஸ்தரைப் பேசி முடிக்க வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்கன்னு குருடனுக்கும் தெரியும். எனக்குத் தெரியாமலா? தெரிஞ்சுது. தெரிஞ்சும் நோட்டை எடுத்தேன். அதுதாங்க என்னோட தப்பு. தெரியாம நடந்துச்சுன்னு நான் எங்கேயும் சொன்னதில்லை.

"செல்லத்துரைங்கறது யாரு? வருமானச் சான்று விசாரணைக்கு வந்திருக்கேன். குடும்ப வருமானம் வருசத்துக்கு எவ்வளவு வருது?"

செல்லத்துரை எந்திரிச்சு நின்னாரு. மாப்பிள்ளையோட அப்பா முகத்தை ஒருதரம் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. அப்பறம் சிரிச்சாரு.

"நமக்கென்ன மேடம், சொந்தமா கம்பெனி நடத்துதோம். கர்த்தர் புண்ணியத்துல ஒரு குறையுமில்லை."

திருப்பூர்ல "கம்பெனி"ங்கற வார்த்தையைப் புரிஞ்சுக்காம நீங்க இங்க வேலை பாக்க முடியாது. ஆயிரம் பேரு வேலை செய்யற கட்டடமும் கம்பெனிதான். தகரக் கொட்டாய்ல ஒத்தை மிஷின் ஓடினா அதுவும் கம்பெனிதான். வேலைக்குப் போறவங்க "கம்பெனிக்குப் போறேன்"பாங்க, ரெண்டு மிஷின் வெச்சவரு "கம்பெனி வெச்சிருக்கேன்"பாரு. அதுல பொய் இல்லை. அவங்க வாழ்க்கையில மேல ஏறி நின்ன ஒரே ஒரு படிக்கு அதுதான் பேரு. பொண்ணைக் கேட்டு வந்தவங்ககிட்ட அதைச் சொல்லித்தான் அவரு தலை நிமிர்ந்து உக்காந்திருந்திருக்காரு. இத்தனையும் தெரிஞ்ச நான், மூஞ்சியில ஒண்ணும் காட்டாம அடுத்ததைக் கேட்டேன்.

"கம்பெனி வெச்சிருக்கறவரு எதுக்குங்க காப்பீட்டு அட்டைக்கு எழுதிப் போட்டீங்க? வீட்டுல யாருக்காவது சீக்கா?"

பட்டுச்சேலை கட்டின அம்மாவோட தலை மெதுவா ஜெயமணி பக்கம் திரும்புச்சு. அந்தப் பொம்பளை அப்பத்தான் காபித் தட்டோட உள்ளேயிருந்து வந்து நின்னுச்சு. ஒல்லியா, வெளுத்துப்போன முகம். நாலு எட்டு நடந்து வந்ததுக்கே மூச்சு ஏறி இறங்குது. செல்லத்துரை வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி அந்தம்மாதான் பேசுச்சு.

"யாருக்கும் ஒண்ணுமில்லை மேடம். எவரோ சொன்னாவன்னு இவுக எழுதிப் போட்டுட்டாவ. எங்களுக்கு அதெல்லாம் வேண்டாம். காபி குடிச்சிட்டுப் போங்க."

நானும் குடிச்சேன். நல்ல காபி.

திரும்பி வர்றப்ப கிராம உதவியாளர் தயங்கித் தயங்கி, "அந்தப் பொம்பளைக்கு என்னமோ கோளாறு இருக்குதுங்க அம்மிணி, தனியா ஒருக்கா கேட்டுப் பாத்தறலாமுங்க"ன்னாரு. "அவங்களே வேண்டாம்ங்கறாங்க, நீங்க எதுக்கு வக்காலத்து"ன்னு சொல்லி வண்டியை நிறுத்தி, அங்கேயே போன்ல மனுவை நிராகரிச்சேன். காரணம்: மனுதாரர் சொந்தமாக நிறுவனம் நடத்துகிறார், தகுதியில்லை. திங்கக்கிழமை ரிவ்யூவுல எனக்கு நிலுவை ஒண்ணுமில்லை. தாசில்தார் பேரைச் சொல்லிப் பாராட்டினாரு.

புதன்கிழமை அந்தப் பொண்ணு எஸ்தர் தனியா ஆபீஸுக்கு வந்துச்சு. துப்பட்டாவைக் கையில முறுக்கிக்கிட்டே நின்னுச்சு. எல்லாரும் போற வரைக்கும் காத்திருந்துட்டு மேசைக்கிட்ட வந்துச்சு.

"மேடம், எங்கம்மாவுக்கு நெஞ்சுல வால்வு சுருங்கிப் போயிருக்கு. சீக்கிரம் மாத்தணும்னு கோயம்புத்தூர் டாக்டர் சொல்லிட்டாங்க. அட்டை இருந்தாத்தான் தேதி வாங்க முடியும். அப்பா அன்னைக்குச் சொன்னது வெறும் வாய்ப்பேச்சு மேடம். நாலு மாசமா மிஷின் ஓடவே இல்லை."

"அதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

அந்தப் பொண்ணு என்னை நிமிர்ந்து பார்த்துச்சு. கோவமே இல்லை. அதுதான் இன்னும் எனக்கு உறுத்துது. "என்னையப் பாக்க வந்தவங்க முன்னாடி நான் எப்படி மேடம் சொல்லுவேன்? அம்மாவுக்கு இருதய நோய், நாங்க ஏழைங்கன்னா?" அப்பறம் சத்தம் இன்னும் கொறைஞ்சுது. "மனுவோட மூணாவது பக்கத்துல ஆஸ்பத்திரிச் சீட்டு வெச்சிருந்தோமே மேடம்."

சிஸ்டத்தைத் திறந்து பார்த்தேன். இருந்துச்சு. டாக்டர் கையெழுத்து, சீல் எல்லாம் தெளிவாத் தெரிஞ்சுது. மூணாவது பக்கத்தை நான் திறக்கவே இல்லை.

இங்கதான் நீங்க நல்லாக் கேக்கணும். ஞாயித்துக்கிழமை நான் பண்ணினது அவசரம், திமிரு. அது தப்புத்தான். ஆனா மனுசங்க பண்ற தப்பு. ஆஸ்பத்திரிச் சீட்டைக் கண்ணால பார்த்த பின்னாடி, அந்தப் புதன்கிழமையிலிருந்து நான் பண்ணினதை எதுல சேக்கறதுன்னு எனக்கு இன்னும் தெரியலை.

புது மனுப் போடச் சொல்லிட்டு அன்னைக்கே பரிந்துரை பண்ணியிருக்கலாம். அரை மணி நேர வேலை. ஆனா மூணு நாளைக்கு முன்னாடி "நிறுவனம் நடத்துகிறார்"னு எழுதினது நான். இன்னைக்கு "ஏழை"ன்னு எழுதறதும் நான். மேல இருக்கிற வருவாய் ஆய்வாளர், நம்ம ஆர்.ஐ., அவருக்குப் போன் போட்டு நூல் விட்டுப் பார்த்தேன். அவரு சிரிச்சாரு.

"என்னம்மா, ஞாயித்துக்கிழமை ஓனரு, புதன்கிழமை ஏழையா? ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியிருக்கீங்க. இதுக்கு எவ்வளவு வாங்கினீங்கன்னு எவனாச்சும் மனுப் போட்டா நான் என்ன பதில் சொல்றது? முதல்ல விசாரிச்சதே தப்புன்னு எழுதிக் கொடுங்க, நான் பாக்கறேன்."

அவரு கேட்டது ஒரே ஒரு வரி. "என் விசாரணை தவறானது." அதை எழுத எனக்குக் கை வரலை. பதவி உயர்வுப் பட்டியல்ல என் பேரு இருந்துச்சு. இன்னொரு கறை விழுந்தா அது போயிரும். திரும்ப அந்த வராண்டாவுல நிக்க முடியாதுங்கற பயம். அதனால, நம்ம இலாகாவுல எல்லாரும் பண்றதைப் பண்ணினேன். புது மனுவை வாங்கி வெச்சுக்கிட்டு அந்தப் பொண்ணை அலைய விட்டேன்.

"கரண்டு பில்லு கொண்டு வா." கொண்டு வந்துச்சு. "மிஷினு ஃபைனான்ஸ்ல எடுத்ததுக்கு ரசீது கொண்டு வா." கொண்டு வந்துச்சு. "வேலை கொடுக்கற கம்பெனியில, நாலு மாசமா வேலை கொடுக்கலைன்னு எழுதி வாங்கிட்டு வா." அந்தக் கம்பெனிக்காரங்க எழுதித் தர மாட்டேன்னு சொல்லிட்டாங்க, அதுக்கு ஒரு வாரம் போச்சு. ஒவ்வொரு தரமும் "அம்மா எப்படி இருக்காங்க?"ன்னு நான் கேப்பேன். "இருக்காங்க மேடம்"னு சொல்லும். அக்கறையாக் கேக்கறதா நானே நெனைச்சுக்குவேன். இத்தனைக்கும் எந்த விதியும் அந்தக் காகிதங்களைக் கேக்கலை. நான்தான் கேட்டேன். அதெல்லாம் ஒரு கட்டா ஃபைல்ல இருந்தா, முதல்ல எழுதினதும் சரி, இப்ப எழுதறதும் சரின்னு ஆயிரும். என்னோட தப்பு அந்தக் காகிதத்துக்குள்ள மறைஞ்சு போகும்.

மூணாவது வாரம் ஒரு காலையில கிராம உதவியாளர் வந்தாரு. உக்காரலை.

"அந்த ஜெயமணிக்கு நேத்து வலது பக்கம் இழுத்துக்கிச்சுங்க. மிஷின்ல உக்காந்து தைச்சிட்டு இருந்திருக்குது. துணி கைக்குள்ளேயே இருந்துச்சாம்."

திட்டியிருந்தாலும் பரவாயில்லை. அந்த மனுசன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வெளிய போயிட்டாரு.

நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். "ஞாயிறு அன்று நான் செய்த விசாரணை தவறானது. மனுதாரரின் உறவினர்கள் முன்னிலையில் வருமானம் கேட்கப்பட்டதால் அவர் உண்மை நிலையைச் சொல்ல இயலவில்லை." எழுதிக் கையெழுத்துப் போட அஞ்சு நிமிசம் ஆகலை. நானே எடுத்துட்டு ஆர்.ஐ. ஆபீஸுக்கு ஓடினேன். அவரு படிச்சுட்டு அங்கேயே முடிச்சுக் கொடுத்தாரு. மத்தியானத்துக்குள்ள சான்று கைக்கு வந்துருச்சு, செல்லத்துரையும் பொண்ணும் கலெக்டர் ஆபீஸ் போயி அட்டைக்குப் பதிஞ்சாங்க. மெமோவா? ஒண்ணும் வரலை. யாரும் ஏன்னுகூடக் கேக்கலை. பதவி உயர்வும் வந்துச்சு. எதுக்குப் பயந்து மூணு வாரம் அந்தக் குடும்பத்தை இழுத்தடிச்சேனோ, அது ஒண்ணுமே நடக்கலை.

வால்வுக்கிட்ட உறைஞ்ச ரத்தக்கட்டி மூளைக்குப் போயிருச்சுன்னு டாக்டர் சொன்னாராம். கொஞ்சம் தேறின பின்னாடி அந்த அட்டையிலதான் ஆபரேசன் ஆச்சு. வால்வு நல்லா வேலை செய்யுது. வலது கை திரும்பலை. நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தப்ப டாக்டரையே கேட்டேன், முன்னாடியே பண்ணியிருந்தா இது வந்திருக்காதுங்களான்னு. "உறுதியாச் சொல்ல முடியாதும்மா"ன்னாரு. அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கொஞ்ச நாள் சோறு திங்கப் பார்த்தேன். இறங்கலைங்க.

அங்கேயே வார்டு வாசல்ல மாப்பிள்ளையோட அம்மாவைப் பார்த்தேன். அன்னைக்குப் பட்டுச்சேலை, இன்னைக்கு நூல் சேலை, கையில சாப்பாட்டுக் கூடை. என்னை அடையாளம் தெரிஞ்சுக்கிட்டாங்க.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா மேடம். எங்க வீட்டுக்காரருக்கே போன வருசம் இதே அட்டையிலதான் நெஞ்சுல ஆபரேசன் பண்ணுனோம். கம்பெனி கம்பெனின்னு சொல்லுதோம், எங்களுதும் ஆறு மிஷின்தான். நாங்களும் வாயைத் திறக்கலை, அவுகளும் திறக்கலை."

இதைக் கேட்டப்ப எனக்கு யாரு மேலன்னு தெரியாத கோவம் வந்துச்சு. ரெண்டு குடும்பமும் ஒருத்தருக்கொருத்தர் கம்பெனி காட்டிக்கிட்டு உக்காந்திருந்த ரூமுக்குள்ள, நோட்டைப் பிடிச்சுக்கிட்டு நான் போயி நின்னிருக்கேன். அந்த நேரத்துல உண்மையைச் சொல்ல முடிஞ்சவங்க அங்க ஒருத்தருமே இல்லை. வாயை மூடிட்டுத் திரும்பி வந்திருக்க வேண்டியவ நான் ஒருத்திதான்.

கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. சர்ச்சுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாங்க. ஜெயமணியைச் சேர்ல உக்கார வெச்சிருந்தாங்க. பொண்ணோட நெத்தியில எண்ணெயைத் தொட்டுச் சிலுவை போட்டு ஆசீர்வாதம் பண்ண இடது கையைத் தூக்குச்சு. நான் பாதியில எந்திரிச்சு வந்துட்டேன்.

அதுக்கப்பறம் நான் எந்த வீட்டுலயும் வாசல்ல நின்னுக்கிட்டு வருமானம் கேட்டதில்லை. செருப்பு எத்தனை ஜோடி கெடக்குதுன்னு பாப்பேன், அதிகமா இருந்தா ரேஷன் கார்டைச் சரிபாக்க வந்தேன்னு சொல்லித் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு வந்துருவேன். நிலுவை நிக்கும். ரிவ்யூவுல நானும் நிப்பேன். திட்டட்டும். இணைப்பா வர்ற தாளை ஒவ்வொண்ணாத் திறந்து பாப்பேன், மங்கலா இருந்தா போன் பண்ணிக் கேப்பேன். நான் எழுதினது தப்புன்னு தெரிஞ்சா தப்புன்னு எழுதிக் கொடுப்பேன். எதிர்ல நிக்கறவங்ககிட்ட இன்னொரு காகிதம் கேக்கறப்ப, இது அவங்களுக்கா எனக்கான்னு என்னையே ஒருதரம் கேட்டுக்குவேன். உங்களுக்கு இதெல்லாம் பெரிய புத்திமதியாத் தெரியாது. தெரியவும் வேண்டாம். இதைக் கத்துக்கறதுக்கு நான் கொடுத்தது என்னுது இல்லை, இன்னொரு பொம்பளையோட கை.

பதவி உயர்வுல போறதுக்கு முன்னாடி அந்த லைன் வீட்டுக்குக் கடைசியா ஒருதரம் போனேன். ஜெயமணிக்கு ஊனமுற்றோர் உதவித்தொகை மனு, அதுக்கு விசாரணை. வேலை நாள், மத்தியானம். மிஷின் ரெண்டையும் வந்த விலைக்குக் கொடுத்தாச்சு, முன் ரூமு வெறுமனே கெடந்துச்சு. செல்லத்துரை திரும்பவும் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போயிட்டாரு. அந்தம்மா மட்டும் கட்டில்ல உக்காந்திருந்துச்சு. நான் உள்ள போயி, வாசக் கதவைச் சாத்தி, சன்னலையும் சாத்திட்டு, கட்டில் பக்கத்துல தரையில உக்காந்தேன். சத்தத்தைக் கொறைச்சு, "வீட்டுக்கு இப்ப என்னம்மா வருது?"ன்னு கேட்டேன்.

ஒரு பக்கம் மட்டும் அசையற வாயால அது சிரிச்சுச்சு.

"வீட்டுல நான் ஒருத்திதானே இருக்கேன் மேடம். இப்ப எதுக்குக் கதவைச் சாத்துதீய? சத்தமாவே கேளுங்க."

எனக்குக் கேக்க வாய் வரலைங்க. வருமானத்தை நானே எழுதினேன். படிவத்தை அந்தம்மா மடியில வெச்சு, கைநாட்டே போதும்மான்னு மைப்பெட்டியைத் திறந்தேன். வேண்டாம்னு தலையாட்டிட்டு என் பேனாவை வாங்கி, இடது கையால அழுத்திப் பிடிச்சு எழுத ஆரம்பிச்சுச்சு. ஜெயமணி, நாலே நாலு எழுத்து. முடிக்க ரொம்ப நேரமாச்சு, நான் உக்காந்திருந்தேன்.